ஓபஸ் மேக்னத்தில் லூப்பைச் சுருக்குவது: 14 சைக்கிளிலிருந்து 7 சைக்கிளுக்கு, ஒவ்வொரு அடியாக

ஓபஸ் மேக்னம் என்பது இயந்திரக் கைகளுக்குக் கட்டளை எழுதி, அணுக்களை நகர்த்தி, கேட்ட மூலக்கூறை உருவாக்கும் கணினிப் புதிர் விளையாட்டு. அதில் ஒரு புதிரை முடிப்பது வேறு, முடித்த இயந்திரத்தை வேகமாக்குவது வேறு. முதலாவதை எப்படியாவது எல்லோரும் செய்துவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் தடுமாற்றம், அதுவும் பெரும்பாலும் வரிசை தப்பாகப் போவதால் வரும் தடுமாற்றம். கையை இன்னொன்று சேர்க்கிறார்கள், கட்டளைகளை இங்கும் அங்கும் நகர்த்துகிறார்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது. ஒரே ஒரு சின்ன இயந்திரத்தை எடுத்துக்கொண்டு அதை முழுவதுமாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம், அதனால் விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே அமைத்துப் பார்த்தால் நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், ஓடி முடியும் ஒரு தீர்வு. அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அவுட்புட், அதாவது கேட்ட மூலக்கூறு, 6 தடவை விழுந்து புதிர் முடிந்திருக்க வேண்டும். ஓடாத இயந்திரத்தை வேகமாக்க முயல்வது நேர விரயம், ஏனென்றால் எது உடைந்தது, எது மெதுவாக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

இரண்டாவது, அந்தத் தீர்வின் நகல். ஒரே புதிருக்குப் பல தீர்வுகள் வைத்துக்கொள்ள விளையாட்டே இடம் தருகிறது, நகல் எடுக்கவும் முடியும். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கு முன்பும் ஒரு நகல் எடுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்வதில்லை. பிறகு "நேற்று 52 வந்தது, இப்போது 60 தான் வருகிறது, என்ன மாற்றினேன் என்று தெரியவில்லை" என்பார்கள்.

மூன்றாவது, ஒரு தாளும் பேனாவும். உண்மையாகவே சொல்கிறேன். லூப் (இயந்திரம் திரும்பத் திரும்ப ஓட்டும் ஒரு சுற்று) கணக்கைத் திரையில் பார்த்துப் போடுவதைவிடத் தாளில் எழுதிப் போடுவது வேகம்.

2. எந்த எண்ணைக் குறைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதிர் முடிந்ததும் மூன்று எண்கள் வரும்: செலவு, சைக்கிள் (எத்தனை நேர அடிகள் பிடித்தன), பரப்பு. தயாரிப்புப் புதிர்களில், அதாவது சுவர் வைத்து அடைத்த அறைக்குள் அமைப்பவற்றில், பரப்புக்குப் பதிலாகக் கட்டளைகளின் எண்ணிக்கை. மூன்றையும் ஒரே தீர்வில் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது அநேகமாக நடக்காது, ஏனென்றால் அவை ஒன்றையொன்று இழுக்கும். வேகம் வேண்டுமானால் கை கூடும், கை கூடினால் செலவும் இடமும் கூடும்.

அதனால் ஒரு தீர்வுக்கு ஒரு இலக்கு. இங்கே நான் எடுத்துக்கொள்வது சைக்கிள். லூப்பைப் புரிந்துகொள்ள அதுதான் நேரான வழி, அது பிடிபட்டால் மற்ற இரண்டும் அவ்வளவு கஷ்டமில்லை.

3. லூப் நீளம் எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த எந்த அடியும் வேலைக்கு ஆகாது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒவ்வொரு கைக்கும் ஒரு டேப், அதாவது அதன் கட்டளை வரிசை. ஒரு கட்டளைக்கு ஒரு சைக்கிள். ஒரு கையின் டேப் நீளம் என்பது அதன் முதல் கட்டளையிலிருந்து கடைசிக் கட்டளை வரை, நடுவில் விட்ட காலி இடங்களையும் சேர்த்து. எல்லாக் கைகளிலும் எது மிக நீளமோ அதுதான் மொத்த இயந்திரத்தின் லூப் நீளம். குட்டி டேப் உள்ள கைகள் தங்கள் வேலையை முடித்துவிட்டு அந்த நீளமான கைக்காகக் காத்திருந்து, அப்புறம்தான் திரும்பத் தொடங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் உடனே விழுகின்றன. ஒன்று, மிக நீளமான டேப்பைத் தவிர வேறு எதைச் சுருக்கினாலும் லூப் நீளம் மாறாது. 14 கட்டளை உள்ள கை ஒன்று இருக்கும்போது 9 கட்டளை உள்ள கையை 7 ஆக்கினால் பலன் சுழியம். புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான், சுலபமாகச் சுருங்கும் கையைத்தான் கண் தேடிப் போகும், நீளமான கையை யாரும் தொடுவதில்லை.

இரண்டு, முதல் கட்டளைக்கு முன்னால் விடும் காலி இடம் நீளத்தில் சேராது. ஒரு கை மூன்றாம் சைக்கிளில் தொடங்க வேண்டுமானால் முன்னால் இரண்டு கட்டம் காலியாக விடுங்கள். அந்தத் தாமதம் ஒரு தடவைதான், பிறகு லூப் முழுக்க அந்தக் கை இரண்டு சைக்கிள் பின்தங்கியே ஓடும். சிலர் இது தெரியாமல், எல்லாக் கைகளும் முதல் சைக்கிளிலேயே தொடங்க வேண்டும் என்று நினைத்து, தொடக்கத்தில் கையை அர்த்தமில்லாமல் ஒரு பக்கம் சுழற்றித் திருப்பிக்கொண்டு வருவார்கள். அந்த இரண்டு கட்டளைகளும் ஒவ்வொரு லூப்பிலும் ஓடும். காலி இடமே போதும்.

இன்னொன்று. லூப் முடிந்ததும் கை தானாகத் தொடக்க நிலைக்கு வராது. எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே அடுத்த சுற்று. அதனால்தான் முதல் சுற்று அழகாக ஓடி, இரண்டாம் சுற்றில் எதையாவது இடித்துக்கொண்டு நிற்கும். எந்த மாற்றம் செய்தாலும் குறைந்தது மூன்று சுற்று ஓடவிட்டுப் பாருங்கள், ஒன்றை நம்பாதீர்கள்.

4. அடிமட்டத்தைக் கணக்கிடுங்கள்

சுருக்கத் தொடங்கும் முன்பே எங்கே நிறுத்தலாம் என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் சுருங்கவே முடியாத ஒன்றோடு இரவெல்லாம் மல்லுக்கட்டுவீர்கள்.

இன்புட்டிலிருந்து, அதாவது மூல அணு தோன்றும் கட்டத்திலிருந்து, ஒன்றை எடுக்கப் பிடிக்க ஒரு சைக்கிள், நகர்த்த ஒரு சைக்கிள். கட்டம் காலியானால்தான் அடுத்தது தோன்றும். ஆக ஒரு இன்புட் இரண்டு சைக்கிளுக்கு ஒன்று என்ற வேகத்தில்தான் கொடுக்கும். ஒரு அவுட்புட்டுக்கு அந்த இன்புட்டிலிருந்து எத்தனை வேண்டும் என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பல இன்புட் இருந்தால் எது பெரிய எண் தருகிறதோ அதுதான் லூப்பின் அடிமட்டம்.

உதாரணம், ஈயத்தைத் தங்கமாக்குவது. ஈயம், வெள்ளீயம், இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம் என்று ஐந்து படி ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு பாதரசம். ஒரு தங்கத்துக்கு 5 பாதரசம், பாதரச இன்புட் ஒன்றுதான் என்றால் ஒரு தங்கத்துக்கு 10 சைக்கிள். ஈயத்தை எவ்வளவு வேகமாகக் கொண்டுவந்தாலும் அது மாறாது. உங்கள் இயந்திரம் ஒரு தங்கத்துக்கு 11 எடுக்கிறது என்றால் அது ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, 24 எடுக்கிறது என்றால் பாதிக்கு மேல் வீணாகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

மொத்த சைக்கிளுக்கும் ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் அவுட்புட் விழும் சைக்கிள், அதோடு லூப் நீளம் பெருக்கல் 5. ஆறு அவுட்புட் வேண்டும், முதலாவதற்குப் பிறகு ஐந்து சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு அவுட்புட் தரும் இயந்திரத்துக்கு இது ஏறக்குறைய சரியாக வரும்.

5. ஒரு கையோடு தொடங்கும் இயந்திரம்

சரி, இப்போது நம் உதாரணம். இன்புட்டில் தனி நீர் அணு வருகிறது. அவுட்புட்டில் ஒரு நீரும் ஒரு உப்பும் ஒட்டிய மூலக்கூறு வேண்டும். அதாவது இரண்டு நீர் எடுத்து, ஒன்றைக் கால்சிஃபிகேஷன் கிளிஃப் மேல் கொண்டுபோய் உப்பாக்கி, பாண்டிங் கிளிஃபில் இரண்டையும் ஒட்ட வேண்டும். கிளிஃப் என்பது தன் மேல் வரும் அணுவை மாற்றும் அல்லது ஒட்டும் பாகம். ஒரு அவுட்புட்டுக்கு இரண்டு நீர் என்பதால் அடிமட்டம் 4.

நடுவில் நீளம் 1 உள்ள சாதாரணக் கை. சுற்றியிருக்கும் ஆறு கட்டங்களுக்கு வலஞ்சுழியாக 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். 1 இன்புட், 2 கால்சிஃபிகேஷன், 3 மற்றும் 4 பாண்டிங், 5 மற்றும் 6 அவுட்புட். கை 20, இரண்டு கிளிஃபும் தலா 10, மொத்தச் செலவு 40. கை 1-ஐப் பார்த்தபடி தொடங்குகிறது. டேப் இது (முன்னால் இருப்பது சைக்கிள் எண்; வலம் என்றால் வலஞ்சுழியாக ஒரு சுழற்சி, இடம் என்றால் இடஞ்சுழியாக ஒரு சுழற்சி):

1: பிடி.
2, 3: வலம், வலம். 2-ஆம் கட்டத்தில் நீர் உப்பாகிறது, 3-இல் போய் நிற்கிறது.
4: விடு.
5, 6: இடம், இடம். வெறும் கை இன்புட்டுக்குத் திரும்புகிறது.
7: பிடி. இரண்டாவது நீர்.
8, 9, 10: இடம், இடம், இடம். 6, 5 வழியாக 4-க்கு வந்து உப்போடு ஒட்டுகிறது.
11, 12: வலம், வலம். நீர் 6-லும் உப்பு 5-லும் வந்து நிற்கின்றன.
13: விடு. அவுட்புட்.
14: வலம். கை மறுபடி 1-இல்.

இரண்டாவது நீரை ஏன் சுற்றுவழியில் கொண்டுபோகிறோம் என்று கேட்கலாம். 2 வழியாகப் போனால் அதுவும் உப்பாகிவிடும். கையில் பிடித்திருந்தாலும் கால்சிஃபிகேஷன் வேலை செய்யும், விட வேண்டும் என்பதில்லை. இதை மறந்து இரண்டு உப்பு ஒட்டிய மூலக்கூறோடு விழித்துக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லூப் 14. முதல் அவுட்புட் 13-இல். மொத்தம் சுமார் 83. செலவும் இடமும் மிகக் குறைவு என்பதால் இதைத் தனித் தீர்வாகச் சேமித்து வையுங்கள், நகலில் வேலையைத் தொடர்வோம்.

6. வெறும் கை எங்கே நகர்கிறது என்று குறியுங்கள்

டேப்பைத் தாளில் எழுதி, கை எதையும் பிடிக்காமல் நகரும் கட்டளைகளை வட்டமிடுங்கள். இங்கே 5, 6, 14. ஆக வீண் நகர்வு மூன்றுதான். அடிமட்டம் 4, நாம் 14, ஆனால் வீண் வெறும் 3 என்றால் என்ன அர்த்தம்? மிச்சமெல்லாம் உண்மையான வேலை. ஒரே கை எல்லாவற்றையும் செய்வதுதான் பிரச்சினை, கட்டளைகளைக் கொஞ்சம் நகர்த்தி இது தீராது.

வீண் நகர்வு பாதிக்கு மேல் இருந்தால் கிளிஃப்களின் இடத்தை மாற்றுங்கள். வீண் குறைவாக இருந்தும் லூப் நீளமாக இருந்தால் வேலையைப் பிரியுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்த அடி வைத்தால் நிறைய நேரம் மிச்சமாகும்.

7. வேலையைப் பிரிப்பது, முதலில் தவறான வழி

இரண்டாவது கை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, "முதல் கை ஒட்டிக் கொடுக்கட்டும், இரண்டாவது கை எடுத்து அவுட்புட்டில் போடட்டும்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. செய்து பாருங்கள். முதல் கை 10 வரை அப்படியே, 11-இல் விடுகிறது, அப்புறம் 4-இலிருந்து 1-க்குத் திரும்ப மூன்று சுழற்சி. மொத்தம் 14. ஒன்றுகூடக் குறையவில்லை, செலவு மட்டும் 20 கூடியது.

காரணம், முதல் கை மூலக்கூறை அவுட்புட்டுக்குக் கொண்டுபோனது வீட்டுக்குத் திரும்பும் வழியில். எப்படியும் போக வேண்டிய பாதையில் சுமையும் சேர்ந்து வந்தது. அந்தச் சுமையை இறக்கியதால் பாதை குறையவில்லை. இதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள், பெரிய இயந்திரங்களில் இதே தவறு நான்கைந்து கைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது.

சரியான பிரிவு, ஒரு கை இன்புட்டுக்கு எத்தனை தடவை போக வேண்டியிருக்கிறது என்பதைக் குறைப்பது. நம் கை ஒரு லூப்பில் இரண்டு தடவை இன்புட்டுக்குப் போகிறது. அதை ஆளுக்கு ஒன்றாக்குவோம்: ஒரு கை உப்புக்கு, ஒரு கை நீருக்கு.

8. சரியான பிரிவு

முதல் கையும் இன்புட்டும் கால்சிஃபிகேஷனும் அதே இடம். பாண்டிங் கிளிஃபை மட்டும் திருப்புங்கள்: ஒரு முனை 3-இல், மறு முனை 2-க்கும் 3-க்கும் வெளியே இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டத்தில். அதை வெளிக்கட்டம் என்று வைத்துக்கொள்வோம். இன்புட், கால்சிஃபிகேஷன், வெளிக்கட்டம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருவதைக் கவனியுங்கள்.

இரண்டாவது கைக்கு நீளம் 2. நீளத்தைக் கூட்டுவதற்குச் செலவு கிடையாது. அந்த நேர்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கட்டத் தொலைவில், முதல் கைக்கு எதிர்ப்புறம் வையுங்கள். இப்போது இன்புட்டிலிருந்து வெளிக்கட்டத்துக்கு இந்தக் கைக்கு ஒரே ஒரு சுழற்சிதான். நீளமான கையின் பெரிய பலம் இதுதான், ஒரே சைக்கிளில் தொலைதூரம். அவுட்புட்டை, இந்தக் கை வெளிக்கட்டத்திலிருந்து இன்னொரு சுழற்சி அதே திசையில் போனால் மூலக்கூறு எங்கே போய் நிற்குமோ அங்கே வையுங்கள்.

முதல் கைக்கு 6 கட்டளை: பிடி, வலம், வலம், விடு, இடம், இடம். இரண்டாவது கைக்குப் பிடி, இடம், ஒட்டும்வரை காத்திருப்பு, இடம், விடு, வலம், வலம்.

யார் முதலில் போவது? இங்கேதான் அடுத்த பொறி. உப்பை முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டு நீரைக் கொண்டுவருவதுதான் இயல்பாகத் தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் இடிக்கும். நீளம் 2 உள்ள கை சுழலும்போது அணு நேர்கோட்டில் போவதில்லை, வில்லாக வெளியே புடைத்துக்கொண்டு போகிறது. அந்த வில் 2-ஆம் கட்டத்தின் மேலேயே கிட்டத்தட்ட ஏறிப்போகிறது, 3-இல் உட்கார்ந்திருக்கும் உப்பையும் உரசுகிறது. ஆக உப்பு 2-இலோ 3-இலோ இருக்கும்போது நீர் அந்த வழியில் வரக்கூடாது. மாறாக, நீர் வெளிக்கட்டத்தில் நிற்கும்போது நீளம் 1 உள்ள கை உப்பை 2-இலிருந்து 3-க்கு எடுத்துச் சென்றால் இடிக்காது, அந்த வில் சின்னது.

அதனால் நீர்க் கை முதலில்:

நீர்க் கை: 1 பிடி, 2 இடம், 3 முதல் 6 காலி, 7 இடம், 8 விடு, 9 வலம், 10 வலம்.
உப்புக் கை: முன்னால் இரண்டு காலி, 3 பிடி, 4 வலம், 5 வலம், 6 விடு, 7 இடம், 8 இடம்.

நீர்க் கை 2-ஆம் சைக்கிளில் இன்புட்டைக் காலி செய்கிறது, புதிய நீர் வருகிறது, உப்புக் கை அதை 3-இல் பிடிக்கிறது. லூப் 10, மொத்தம் சுமார் 58. செலவு 60.

9. இடதுபக்கம் தள்ளுங்கள்

இப்போது நீளமான டேப் எது? நீர்க் கை. அதில் மட்டும் கை வையுங்கள். காத்திருப்புக்குப் பிறகு வரும் எல்லாக் கட்டளைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு சைக்கிள் இடதுபக்கம் தள்ளுங்கள். ஓட்டுங்கள். ஓடினால் இன்னொன்று தள்ளுங்கள். உடையும் வரை தள்ளி, உடைந்த இடத்திலிருந்து ஒன்று பின்னால் வந்தால் அதுதான் இந்த அமைப்பின் எல்லை.

இங்கே ஒன்று தள்ளலாம். 6-ஆம் சைக்கிளில் உப்புக் கை விடுகிறது, அதே 6-இல் நீர்க் கை சுழலத் தொடங்கலாம், ஏனென்றால் பிடிப்பதும் விடுவதும் சைக்கிளின் தொடக்கத்திலேயே நடந்துவிடும், நகர்வு அதற்குப் பிறகு. இரண்டாவது தடவை தள்ளினால் உப்பு இன்னும் வந்து சேராத நேரத்தில் நீர் நகரப் பார்க்கும், ஒட்டாமலே போய்விடும். ஆக லூப் 9, மொத்தம் சுமார் 52.

தள்ளும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு தடவைக்கு ஒரு கை, ஒரு சைக்கிள். இரண்டு கைகளை ஒரே நேரத்தில் தள்ளி இயந்திரம் உடைந்தால் எது உடைத்தது என்று தேட வேண்டியிருக்கும். ஒரு சைக்கிளாக நகர்த்தி ஓட்டிப் பார்க்கும் வசதி விளையாட்டில் இருக்கிறது, இடிக்கும் கணத்துக்கு முந்தைய சைக்கிளில் நிறுத்தி, எந்த அணு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடித்த பிறகு திரையைப் பார்த்து யூகிப்பது பலன் தராது.

10. திரும்பி வருவதையே ஒழிக்கலாமா

நீர்க் கையின் கடைசி இரண்டு கட்டளைகள் வெறும் கையோடு திரும்புவது. 9-இல் 2. இதைச் சுருக்க முடியாது, ஆனால் தேவையே இல்லாமல் செய்யலாம்.

சாதாரணக் கைக்குப் பதில் மூன்று பிடி உள்ள கையை வையுங்கள், அதே இடம், அதே நீளம் 2. விலை 20-க்குப் பதில் 30. மூன்று பிடிகளும் 120 டிகிரி இடைவெளியில் இருக்கின்றன, ஒரு சுழற்சி 60 டிகிரி. நம் கை ஒரு லூப்பில் ஒரே திசையில் இரண்டு தடவை சுழல்கிறது, அதாவது சரியாக 120 டிகிரி. முதல் பிடி அவுட்புட் மேல் வந்து நிற்கும்போது அடுத்த பிடி இன்புட் மேல் வந்து நிற்கும். திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

நீர்க் கை: 1 பிடி, 2 இடம், 3 முதல் 5 காலி, 6 இடம், 7 விடு. அவ்வளவுதான். 8-ஆம் சைக்கிளில் மறுபடி பிடி. லூப் 7. உப்புக் கையின் 6 கட்டளைகள் அதற்குள் அடங்கிவிடுகின்றன. முதல் அவுட்புட் 7-இல், மொத்தம் சுமார் 42, செலவு 70. தொடங்கிய இடம் 83, பாதியளவு.

பல பிடி உள்ள கையை வைக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: பிடி என்றால் எல்லாப் பிடிகளும் பிடிக்கும், விடு என்றால் எல்லாமே விடும். நம் அமைப்பில் மற்ற இரண்டு பிடிகளுக்குக் கீழே அந்த நேரத்தில் எதுவும் இல்லாததால் தப்பித்தோம். ஒவ்வொரு பிடி, விடு கட்டளையிலும் மற்ற பிடிகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஆறு பிடி உள்ள கையை ஆசைப்பட்டு வைத்துவிட்டு, வேறு இன்புட்டிலிருந்து வேண்டாத அணு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும் இயந்திரங்கள் நிறைய.

இந்த உத்தி எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க வழி சுலபம். எடுக்கும் இடத்துக்கும் விடும் இடத்துக்கும் இடையே எத்தனை சுழற்சி? மூன்று என்றால் இரண்டு பிடி, இரண்டு என்றால் மூன்று பிடி, ஒன்று என்றால் ஆறு பிடி. அமைப்பைத் தொடங்கும்போதே இந்த எண்ணிக்கையைக் குறி வைத்துக் கிளிஃப்களை வைத்தால் பின்னால் கையை மாற்றுவது மட்டுமே வேலை.

11. இன்னும் மிச்சமிருப்பது

7-க்கும் அடிமட்டமான 4-க்கும் நடுவில் மூன்று. நீர்க் கையின் காத்திருப்பும் சரியாக மூன்று. ஆக எங்கே தேட வேண்டும் என்பது தெளிவு: உப்பு வந்து சேரும்வரை நீர் சும்மா நிற்கிறது. கட்டளைகளைத் தள்ளி இனிக் குறையாது, அமைப்பையே மாற்ற வேண்டும். நீரின் பாதையும் உப்பின் பாதையும் ஒன்றையொன்று வெட்டாத மாதிரி கிளிஃப்களை வைத்தால், உப்பு பாதி வழியில் இருக்கும்போதே நீரை எடுக்கலாம். அதோடு உப்புக் கையும் 6-இலேயே இருப்பதால் அதையும் தொட வேண்டியிருக்கும். இது ஒரு புதுத் தீர்வு, பழையதைத் திருத்தி வராது. இந்த இடத்தில் காலி மேடையில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் எண்ணம், பழைய அமைப்பில் பழகிய கண் புது இடத்தைப் பார்க்க விடாது.

12. தொடக்கத்தை மறக்காதீர்கள்

ஆறே அவுட்புட் என்பதால் முதலாவது எப்போது விழுகிறது என்பதும் கணிசமான பங்கு. லூப் நீளம் ஒன்றே இருந்தாலும் டேப் எந்தக் கட்டளையில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து மொத்தம் மாறும். கையை அவுட்புட்டைப் பார்த்தபடி நிறுத்தி, முதல் வேலையாக இன்புட்டுக்குத் திருப்பினால் அந்தத் திருப்பம் முதல் அவுட்புட்டைத் தள்ளிப்போடும். கையைத் தொடக்கத்திலேயே இன்புட் மேல் நிறுத்துங்கள், முதல் கட்டளை பிடியாக இருக்கட்டும், திரும்பும் நகர்வுகள் எல்லாம் டேப்பின் கடைசிக்குப் போகட்டும். கடைசி அவுட்புட் விழுந்ததும் ஓட்டம் முடிந்துவிடுவதால் கடைசிச் சுற்றின் திரும்பும் நகர்வுகள் கணக்கிலேயே வராது.

13. ரீசெட், ரிப்பீட், பீரியட் ஓவர்ரைடு

இவை மூன்றும் டேப்பில் போடும் சிறப்புக் கட்டளைகள். ரீசெட், பிடித்திருப்பதை விட்டுவிட்டுக் கையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். எழுதச் சௌகரியம், ஆனால் டேப்பில் அது எத்தனை நகர்வோ அத்தனை சைக்கிள் பிடிக்கும். ஒரே ஒரு சின்னமாகத் தெரிவதால் ஒரே சைக்கிள் என்று ஏமாறாதீர்கள். வேகத்துக்கு அமைக்கும்போது நான் கையாலேயே எழுதுவேன், அப்போதுதான் எது எத்தனை என்று கண்ணுக்குத் தெரியும்.

ரிப்பீட் முன்னால் இருக்கும் கட்டளைகளைத் திரும்பச் செய்யும். ஈயம், பாதரசம் மாதிரி ஐந்து தடவை ஒரே வேலை வரும் இடங்களில் அருமையானது. ஆனால் முதலில் ஒரு சுற்றைச் சுருக்குங்கள், அப்புறம் ரிப்பீட் போடுங்கள். அந்தச் சுற்றில் ஒரு சைக்கிள் வீணென்றால் ரிப்பீட் அதை ஐந்தாக்கிவிடும்.

பீரியட் ஓவர்ரைடு எதுவும் செய்யாது, டேப்பை மட்டும் நீட்டும். எல்லாக் கைகளும் சீக்கிரம் முடித்துவிட்டு, இன்புட் இன்னும் தயாராகாமல் அடுத்த சுற்று தொடங்கிவிடும்போது தேவைப்படும். வேகமாக்கப் போய் லூப்பை நீட்டுவதா என்று தயங்க வேண்டாம், ஓடும் 8 ஓடாத 7-ஐவிட மேல்.

14. செலவும் பரப்பும் வேண்டுமென்றால்

செலவுக்கு ஒரு கை, குறைந்த கிளிஃப், நேரம் எவ்வளவானாலும் சரி என்ற மனநிலை. கை நகர்ந்துபோகும் தண்டவாளம் ஒரு கட்டத்துக்கு 5 என்பதால் 20 கொடுத்து இன்னொரு கை வாங்குவதைவிட இரண்டு மூன்று கட்டம் தண்டவாளம் போடுவது மலிவு. நீண்டு சுருங்கும் பிஸ்டன் கை 40, அதைக் கடைசியில் யோசியுங்கள்.

பரப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாகங்கள் நிற்கும் இடம் மட்டும் எண்ணப்படுவதில்லை, கையும் அணுக்களும் சுழலும்போது கடந்துபோகும் கட்டங்களும் சேரும். நம் 7 சைக்கிள் இயந்திரத்தில் நீளம் 2 உள்ள மூன்று பிடிக் கை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருப்பதால் வட்டம் முழுவதையும் விழுங்கிவிடும். பரப்புக்கு நீளம் 1, முன்னும் பின்னும் திரும்பும் கைதான் சரி, அதாவது நாம் முதலில் சேமித்து வைத்த அந்த 14 சைக்கிள் இயந்திரம். அதன் பாகங்கள் எல்லாம் சேர்ந்தே 7 கட்டம்தான்.